முதன்மை ஆய்வாளர் நேரில் வரவேண்டும்

மனிதகுலம் ஒரு நிமிடம் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி: சித்தூர்க் கல்லூரி ஒன்றின் இயற்பியல் பேராசிரியர் முனைவர் சத்தியநாதன் அவர்களுக்கு வானம் ஒதுக்கப்பட்டுவிட்டது. முழு வானமும் அல்ல. சந்திரகிரி தாண்டி, மலைகளுக்கு நடுவில் அரசாங்கம் வைத்திருக்கும் ரேடாருக்கு நேர் மேலே உள்ள துண்டு மட்டும். நிரந்தரமாகவும் அல்ல, புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணி முதல் ஒரு மணி வரை. அந்த ஒரு மணி நேரம் அங்கே வீசும் காற்றெல்லாம் அவருடையது. உலகின் வேறெந்த விஞ்ஞானியும் அதில் உரிமை கொண்டாட முடியாது.

இந்தச் செய்தி நினைவூட்டலாக அவர் மகள் பிளெஸ்ஸியின் கைப்பேசியில் வந்து விழுந்தபோது, அவள் திருப்பதி ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் குனிந்து அப்பாவின் இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு போதும், வாடி," என்றாள் அம்மா தபீதாள். "இனிமே எங்க நடக்கப்போறாரு."

செய்தியின் கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது. முதன்மை ஆய்வாளர் நேரில் வரவேண்டும். தவறினால் ஒதுக்கீடு தானாக ரத்தாகும்.

வானத்துக்குத் தாமதமாகப் போகக்கூடாது என்று சத்தியநாதன் ஒரு நாள் முன்னதாகவே சித்தூரிலிருந்து கிளம்பி வந்து, திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாட்ஜில் அறை எடுத்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் அதன் மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. லாட்ஜ்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வழியில் ஒரு செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டது.

வானத்தை எப்படிக் கேட்டு வாங்குவது என்பது பலருக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒரு முறை அறிவிப்பு வரும். நமக்கு ஏன் வானம் வேண்டும் என்று இரண்டு பக்கத்தில் எழுதிப் போட வேண்டும். மூன்றாம் பக்கம் போனால் படிக்கமாட்டார்கள். இரண்டு பக்கத்துக்குள் நின்றால் படிப்பார்கள் என்றும் சொல்வதற்கில்லை. பிறகு அறிஞர் குழு கூடும், முந்திரி பகோடா வரும், தீர்ப்பு வரும். முதல் வருடம் சத்தியநாதனுக்கு வந்த தீர்ப்பு: ஆசை பெரிது. ஆசையைக் குறைத்து எழுதினார். ஆசை போதாது என்று வந்தது. அடுத்த வருடம், இதை ஜெர்மனியில் ஏற்கெனவே செய்துவிட்டார்கள். அதற்கடுத்த வருடம், இதை உலகத்தில் யாருமே செய்யவில்லை, ஏன் என்று யோசிக்கவும். யோசித்து யோசித்து ஒன்பதாம் வருடம் கிடைத்தது. கிடைத்த பிறகு பாதுகாப்பு வீடியோ, அதன் மேல் ஒரு பரீட்சை, ரேடார் எந்தத் திசையில் எத்தனை நிமிடம் பார்க்க வேண்டும் என்ற பட்டியல், விருந்தினர் விடுதியில் சைவமா அசைவமா என்ற கேள்வி. எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் செத்தார். அந்த வகையில் குறை சொல்ல முடியாது.

பிளெஸ்ஸி தன் பேரில் விண்ணப்பித்திருக்க முடியாது. அவள் ஆராய்ச்சி மாணவி. நிரந்தரப் பணியில் இருப்பவர்தான் முதன்மை ஆய்வாளராக முடியும் என்பது விதி. அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் இருந்தது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி அவகாசம் அடுத்த மாதம் முடிகிறது. நாளை முதல் ஆறு மாதத்துக்கு ரேடாரைப் பராமரிப்புக்காக மூடுகிறார்கள். இன்று விட்டால் அப்பாவின் ஒன்பது வருடமும் அவளுடைய ஆறு வருடமும் ஒரே குழிக்குள் போகும்.

ரேடார் மையத்தின் வருகை ஆய்வாளர் பிரிவுக்குத் தலைவர் வெங்கடராகவன். பிளெஸ்ஸி அவருக்குப் போன் போட்டாள்.

"சார், நைனா வந்து..."

"பி.ஐ. வரணும்மா, முதன்மை ஆய்வாளர்," என்றார் அவர். இந்த வாக்கியத்தை வருடம் முழுக்கச் சொல்லிச் சொல்லி அவர் குரல் வழவழவென்று ஆகியிருந்தது. "காய்ச்சல், கல்யாணம், பஸ் லேட்டு, எல்லாம் கேட்டுட்டேன். பி.ஐ. வராம ரேடாரை ஆன் பண்ண எனக்கு அதிகாரம் இல்லை. வர்றாரா, வரலையா? அதை மட்டும் சொல்லுங்கோ."

ஆம்புலன்ஸின் பின்கதவு வழியே ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிளெஸ்ஸி அதைப் பார்த்தாள்.

"வர்றாரு சார்."

வண்டி மலையேற அலிபிரி பக்கம் போகும் கூட்டத்தைக் கடந்து சித்தூர் ரோட்டைப் பிடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். முன்சீட்டில் இருந்த ஆசிர் மாமா முழு உடம்போடு திரும்பினார். அம்மாவின் தம்பி, சபைக் கமிட்டிச் செயலாளர், எந்தச் சாவிலும் மைக் அவர் கையில்தான் இருக்கும்.

"இன்னாக்கா இது? நாலு மணிக்கு பிஷப் ஐயா வர்றாரு. பேனர் அடிச்சாச்சு. 'விஞ்ஞானி சத்தியநாதன்'னு போட்டு, பின்னாடி ராக்கெட்டு வேற வெச்சிருக்குது."

"அவரு ராக்கெட் பக்கமே போனதில்ல மாமா."

"ரேடாருக்கு நல்ல படம் கெடைக்கல. அத வுடு. பொணத்த வெச்சிக்கினு யாரனா எக்ஸ்பரிமெண்ட் பண்ணப் போவாங்களா? ஜனங்க இன்னா சொல்லும்?"

தபீதாள் பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்தபடி இருந்தாள். நேற்றிலிருந்து அவள் அழவில்லை. வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒம்போது வருசமா அந்த கேட்டுக்கு வெளியவே நின்னுக்கினு இருந்தாரு," என்றாள். "ஒரு தபா உள்ள போய்ட்டு வரட்டும். டிரைவர் தம்பி, வண்டிய திருப்புப்பா."

வாசலில் காவலாளி பிரவீன் கையில் அச்சிட்ட பாஸ் தயாராக இருந்தது. படத்தில் சத்தியநாதன் கோட்டு போட்டிருந்தார்.

"பி.ஐ. எவரு?"

"உள்ள இருக்காரு."

"சார்ன திகமனண்டி. கீழ எறங்கி மூஞ்சி காட்டணும். படத்தோட ஒத்துப் பாக்கணும்."

"அவரு எறங்க முடியாது."

பிரவீன் பின்கதவைத் திறந்தான். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான். பிறகு, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பழகிய கை தானாக உயர்ந்து, பாஸை முகத்துக்கு அருகே பிடித்தது. படத்தைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

"ஆயனே," என்றான் மெதுவாக. அவரேதான். "போன் ஏதனா வெச்சிருக்காரா?"

"இல்ல."

மூடியைத் தூக்கி, வெள்ளைத் துணியில் பாஸைக் கவ்வியால் மாட்டிவிட்டுத் தடுப்புக் கம்பத்தை உயர்த்தினான்.

உள்ளே ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு பெரிய மைதானம். அது நிறைய இடுப்புயரக் கம்பங்கள், ஒவ்வொன்றிலும் குறுக்குக் கம்பிகள், நூறு நூறாக, வரிசை பிசகாமல். ரேடாரின் ஆன்டெனாக்கள். அப்பா படம் வரைந்து காட்டியிருக்கிறார். ஆனால் படத்தில் இந்த அமைதி இருந்ததில்லை.

"கல்லறத் தோட்டம் மாதிரி கீது," என்றாள் தபீதாள்.

கட்டடத்துப் படிக்கட்டில் வெங்கடராகவன் பொன்னாடையோடு நின்றிருந்தார். வருகிற முதன்மை ஆய்வாளர்களுக்கு ஆடை போர்த்துவது மையத்தின் மரபு. "விண்ணும் மண்ணும் கைகோக்கும் இந்நன்னாளில்" என்று தொடங்கும் உரையும் அவருக்கு மனப்பாடம். வண்டி நின்றதும் உரையைத் தொடங்கி விண் வரைக்கும் வந்துவிட்டார். கதவு திறந்தது. மண்ணுக்குப் போகவில்லை.

"போன்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"வர்றாரா, வரலையான்னு மட்டும் கேட்டீங்க சார்."

அவர் பொன்னாடையைப் பார்த்தார். மடித்து உள்ளே கொண்டுபோவார் என்று பிளெஸ்ஸி நினைத்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறி, பெட்டியின் மேல் அதை விரித்தார். இறங்கும்போது, "ஆத்து வாசல்லயே தலை முழுகிட்டுத்தான் உள்ளே போகணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பழைய வழவழப்பு திரும்பியது. "பி.ஐ. வந்தாச்சு. விதியில வேற ஒண்ணும் கேக்கலை. வாங்கோ, நேரமாச்சு."

ஒரு சிக்கல். ரேடார் ஓடும்போது பக்கத்தில் எந்த மோட்டாரும் ஓடக்கூடாது. வண்டியை அணைக்க வேண்டும், ஐஸ் பெட்டியையும்.

"இந்த வெயில்லயா?" என்றார் ஆசிர் மாமா.

"நான் கூட இருக்கேன்," என்றாள் தபீதாள். "அணைப்பா."

பெட்டியின் உறுமல் நின்றது. காலையிலிருந்து அந்தச் சத்தம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. உச்சி வெயிலில் கம்பங்களுக்கு நிழலே இல்லை.

அந்த ரேடாரின் வேலையைச் சொல்வது சுலபம். மேலே ரேடியோ அலையை அனுப்பும். காற்று அதில் துளியினும் துளியைத் திருப்பி அனுப்பும். அதை வைத்து எந்த உயரத்தில் காற்று எந்த வேகத்தில் ஓடுகிறது என்று திரையில் காட்டும். திரைக்கு நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. நம்மை நோக்கி வரும் காற்று கோட்டுக்கு வலப்பக்கம், விலகிப் போவது இடப்பக்கம். கோட்டின் மேலேயே நிற்பது நகராத பொருள்: மலை, மின்கம்பம், தண்ணீர்த் தொட்டி. அதற்குத் தொழில் வழக்கில் குப்பை என்று பெயர். அப்பா தன் இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தார்: முதல் வேலையாக, நகராத எதிரொலி எதுவாயினும் நீக்கப்படும்.

முதல் சுற்றிலேயே நடுக்கோட்டின் அடியில் ஒரு பளிச்சென்ற புள்ளி.

"குப்பை," என்றார் வெங்கடராகவன். "உங்க வண்டியா இருக்கும்."

அடுத்த சுற்றில் புள்ளி இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. அதற்கடுத்த சுற்றில் மூன்றரை. சுற்றிலும் எல்லா உயரத்திலும் காற்று இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. புள்ளி மட்டும் கோட்டைவிட்டு மயிரிழை விலகவில்லை.

"மலை எதிரொலிதான். ஓரமா பட்டு வரும்."

"ஏழு கிலோமீட்டர்ல மலை ஏது சார்?"

அவர் திசையை மாற்றினார். கிழக்கே பார்த்தார், வடக்கே பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அங்கேயே இருந்தது, முன்னைவிடக் கொஞ்சம் மேலே.

"நகரவே இல்ல," என்றாள் பிளெஸ்ஸி. "ஆனா ஏறுது."

"நகராம எப்படிம்மா ஏறும்?"

அது அறிவியல் ரீதியாக மிகச் சரியான கேள்வி. வெங்கடராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஆயிரம் குறுக்குக் கம்பிகளுக்கு ஓரத்தில் வண்டி நின்றிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. படியில் ஒற்றைச் செருப்பு தெரிந்தது.

பதினொன்று. பதினான்கு. பதினேழு. மேலே போகப் போக எதிரொலி மங்க வேண்டும், இது மங்கவில்லை. ஒரு மணி அடிக்கக் கொஞ்சம் இருக்கையில் திரையின் மேல் விளிம்பைத் தொட்டது. அடுத்த சுற்றில் இல்லை. அதற்குமேல் ரேடாருக்குக் கண் கிடையாது.

வெங்கடராகவன் ரேடாரை நிறுத்தினார்.

"பாருங்கோ," என்றார். குரலில் வழவழப்பு இல்லை. "இது இருந்தா கருவி பழுதுன்னு கமிட்டி எழுதும். ஒரு மணி நேரமும் செல்லாது. உங்க அத்தியாயமும் போச்சு. எடுத்துட்டா மீதி எல்லாம் சுத்தமா இருக்கு, அருமையான காற்று. ஆனா மூலத் தரவுலேர்ந்தே எடுக்கணும். எடுத்தா திரும்ப வராது." நிறுத்திவிட்டுக் கேட்டார்: "வெச்சுக்கறேளா?"

பிளெஸ்ஸி திரையைப் பார்த்தாள். அடியிலிருந்து உச்சி வரை, காற்றுகளுக்கு நடுவே, ஒரு நேர்க்கோடு.

"நைனா எழுதினபடியே செஞ்சிடலாம் சார்."

அவர் செய்யவில்லை. மவுஸை அவள் பக்கம் தள்ளி வைத்தார். அவள்தான் அழுத்தினாள். நடுக்கோடு வெறுமையாயிற்று.

வெளியே வந்தபோது அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. ஆசிர் மாமா எட்ட நின்று பேனர்க் கணக்கை விரல்விட்டு எண்ணுவதுபோல் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

"நேத்துலருந்து வராத அழுக," என்றாள் தபீதாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கொஞ்சம் முன்ன வந்துச்சு. இன்னாத்துக்குன்னே தெரியல. முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"நல்லா வந்துச்சா?"

"ம்."

டிரைவர் ஐஸ் பெட்டியைப் போட்டான். அது உறுமத் தொடங்கியது. வாசலில் பிரவீன் கையை நீட்டினான். பாஸைத் திருப்பித் தந்தால்தான் வெளியே விட முடியும். பிளெஸ்ஸி மூடியைத் தூக்கிக் கவ்வியைக் கழற்றினாள். துணியில் இரண்டு சின்னப் பல் தடம் நின்றது. அதை விரலால் நீவிவிட்டாள். போகவில்லை.

சித்தூர் போகிற வரையில், வளைவு வரும்போதெல்லாம் ஒற்றைச் செருப்பு வண்டித் தரையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்ந்துகொண்டிருந்தது.

மையத்தின் அந்த வருட அறிக்கையில் சோதனைக்கு இரண்டு வரி ஒதுக்கப்பட்டிருந்தது. முதன்மை ஆய்வாளர் நேரில் கலந்துகொண்டார். அசாதாரணமாக எதுவும் தென்படவில்லை.