முப்பது சதவீத நேர்மை

வரி என்றால் சண்முகசுந்தரத்துக்கு உயிர். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் இருந்த காலம் முழுக்க, வரி பிடித்த பிறகுதான் சம்பளத்தைக் கையில் வாங்கியவர். அதை எதிரில் இருப்பவரிடம் சொல்லாமல் டீ குடிக்க மாட்டார்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வெள்ளானூரில் வீடு கட்ட ஆரம்பித்தார். சுவர் எழும்பிவிட்டது. மேலே தளம் போட வைத்திருந்த பணத்தில் பாதியை, வாட்ஸ்அப்பில் சிம்ரன் என்று முகம் தெரியாத ஒருத்தி சொன்னாள் என்று, ஒரு கிரிப்டோ செயலியில் போட்டார். செயலியில் அது மூன்று மடங்காகத் தெரிந்தது. எடுக்கப் போனால், "முப்பது சதவீத வரியை முதலில் எங்களுக்கு அனுப்புங்கள், பிறகு முழுப் பணமும் வரும்" என்றது.

"பணத்த குடுக்கறதுக்கே பணம் கேக்கறான், இன்னாங்க இது? மிச்சம் கீறதாவது கையில இருக்கட்டும்," என்றாள் மனைவி ஜெகதாம்பாள்.

திருவேற்காட்டுக் கல்யாண மண்டபத்தில் இணைய மோசடி விழிப்புணர்வுக் கூட்டம் என்று கேள்விப்பட்டு, அவரை இழுத்துக்கொண்டு போனாள். போலீஸ் சொன்னாலாவது கேட்பார் என்று நம்பினாள், பாவம்.

மேடையில் ஒரு போலீஸ் அதிகாரி எந்தச் சட்டத்தில் கிரிப்டோ வருகிறது, எந்தப் பிரிவுக்கு என்ன தண்டனை என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார். ஏமாற்றுக்காரன் எப்படிப் பேசுவான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அடுத்த கூட்டத்துக்காம்.

சண்முகசுந்தரம் கையைத் தூக்கினார். "சார், கிரிப்டோ லாபத்துக்கு முப்பது பர்சன்ட் வரின்றது நெசமா?"

"நெசம்தான். கட்டலன்னா நோட்டீஸ் வரும். பாருங்க, வரி கட்டணுமான்னு தானா எழுந்து கேக்கற மனுஷன்! எல்லாரும் இவர மாதிரி இருக்கணும்!"

யாரிடம் கட்ட வேண்டும் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சிறப்பு விருந்தினர் வராததால் மிஞ்சிய சால்வையை இவர் தோளில் போட்டுப் படம் எடுத்தார்கள். ஜெகதாம்பாள் மட்டும் கைதட்டவில்லை.

சட்டமே சொல்லிவிட்ட தெம்பில், மண்டபத்து வாசலிலேயே நின்று மிச்சப் பணத்தையும் செயலிக்கு அனுப்பினார். "வாணாங்க!" என்று அவள் கையைப் பிடிப்பதற்குள் அமுக்கியாகிவிட்டது.

"கவர்மென்டுக்குச் சேர வேண்டியத நாம வச்சிக்கினு இன்னாடி பண்றது?" என்று வேறு கேட்டார். எழுதுகிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் செயலி திறக்கவில்லை. சிம்ரனும் இல்லை. ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போனால் அங்கே அதே அதிகாரி.

"யார்கிட்ட கட்டறோம்னு பாக்க வேணாமா?"

"நீங்கதானே சார் கட்டச் சொன்னீங்க?"

அதிகாரி சுவரைப் பார்த்தார். சுவரில் கூட்டத்தின் படம் தொங்கியது. சால்வையோடு சண்முகசுந்தரம் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, 'விழிப்புணர்வு பெற்ற குடிமகன்'.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. தளமில்லாத வீட்டுக்குள் சிமென்ட் மூட்டைகள் நனைந்தன. தார்ப்பாய் வாங்கக் காசில்லை. ஜெகதாம்பாள் சால்வையைக் கொண்டுவந்து மூட்டைகள் மேல் விரித்தாள்.

"அடியே, அது எனக்குப் போட்ட மரியாதைடி!"

"தெரியும்," என்றாள் அவள், நனைந்துகொண்டே. "இந்த ஊட்டுக்கு இனிமே அதான் தளம்."