கெட்டிலில் விழுந்த கறுப்புக் கோட்டு

1

கிட்டே வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். ஒரு கெட்டில் கதை சொல்கிறேன். கேட்டு முடித்ததும் உங்கள் வீட்டுப் பாத்திரங்களை ஒரு தடவை குனிந்து பார்ப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது முழுக்க என் தலையில் முளைத்ததில்லை. பல்கலைக்கழகத்தில் விளம்பரப் புகைப்படக்கலை படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண், மாடியில் துணி காயப்போட்டபடி சொன்னாள்: "எவர்சில்வருக்குன்னு சொந்த நிறமே கிடையாதும்மா. சுத்தி என்ன நிக்குதோ, அதுதான் அதோட நிறம்." கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: ஒளி என்பது…

(வேண்டாம். ஒளியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?)

இரண்டாவது: ஜன்னல் இல்லாத பெரிய ஸ்டுடியோ. மேஜைமேல் பளபளவென்று ஒரு கெட்டில். அதைச் சுற்றி வெள்ளைத் துணிக் கூடாரம். துணியின் இடுக்கு வழியே காமிரா மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பின்னால் ஒரு மாணவி, கல்யாணமானவள், வகுப்புக்கே அக்கா.

இன்று தேர்வு. பார்த்ததும் வாங்கத் தோன்றும்படி கெட்டிலைப் படம் எடுக்க வேண்டும். அதில் அறையோ ஆளோ தெரியக் கூடாது. போன தடவை கெட்டிலின் வயிற்றில் அவளே காமிராவோடு நின்றிருந்தாள், தோற்றாள். இன்னொரு தடவை தோற்றால் படிப்பே போச்சு. அதனால்தான் கூடாரம். இப்போது சல்லடை போட்டுத் தேடினாலும் அறை தெரியாது.

கெட்டிலும் தெரியவில்லை! சுற்றிலும் வெள்ளை. வெட்டி ஒட்டிய காகிதம்போல் தட்டையாகக் கிடந்தது.*

* கம்ப்யூட்டரில் சரிசெய்யலாமே என்பீர்கள். இந்தத் தேர்வில் கூடாதாம். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

3

இங்கே கணவன் வரவேண்டும். அவன்மேல் எனக்குச் சந்தேகம். சரியான நேரத்தில் வந்து உதவுகிறவர்கள் கதைகளில்தான் அதிகம். ஆனால் அவன் உதவ வரவில்லை, வீட்டுச் சாவி கேட்க வந்தான். ஹோட்டலில் பரிமாறுகிறவன். வேலைக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு துணியைத் தூக்கி எட்டிப் பார்த்தான்.

"கெட்டிலுக்கு எதுக்கும்மா கொசுவலை?"

"அசையாதீங்க!"

"சாவி…"

"மூச்சுகூட விடாதீங்க!"

"கல்யாண போட்டோவுக்கே நான் இப்படி நின்னதில்ல."

காமிராத் திரையில் கெட்டிலுக்கு வயிறு வந்துவிட்டது. கறுப்புக் கோட்டு ஒரு நீண்ட வளைகோடாக அதன் விலாவில் இறங்க, அதுவரை இல்லாத கனமும் குளிர்ச்சியும்…

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும். இருட்டு தொட்டதும் ஒரு பொருள் பிறந்தது, கண்ணுகளா. எழுதும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.)

அவள் எடுத்தாள். பிறகு அவனை நகர்த்திவிட்டு, அதே இடத்தில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தி இன்னொன்றும் எடுத்தாள்.

4

பேராசிரியரின் அறை வாசலில் பெஞ்சு. அதில் அவளும் அவனும். அவள் மடியில் இரண்டு படங்கள். அட்டை வைத்தெடுத்ததில் கோடு நேராக, குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்தது. கோட்டு விழுந்ததில் கெட்டிலைக் கைநீட்டித் தூக்கிவிடலாம்போல் இருந்தது. ஆனால் அந்தக் கோட்டின் உச்சியில், கடுகளவு, அவன் சிரிப்பு.

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. லென்ஸ் வைத்துப் பார்க்காமல் மதிப்பெண் போடமாட்டார்.

"இதுல நான் இருக்கேன்ல? அப்ப அட்டைப் படத்தைக் குடு."

"இதுதாங்க படம். அது வெறும் பாஸ்."

"பாஸாகத்தானே இந்தப் பாடு? நான்தான் வீட்டுல இருக்கேனே, பார்த்துக்கோ."

"வீட்டுல இவ்வளவு அழகா இல்லீங்க."

முடிவு ஒன்று: அட்டைப் படத்தைக் கொடுத்துத் தேறினாள்.

முடிவு இரண்டு: கோட்டுப் படத்தைக் கொடுத்தாள். பூதக்கண்ணாடி குனிந்தார், கண்களில் நீர்…

(அடித்துவிட்டேன். அந்த மனிதர் கடுகைப் பார்த்தால் கடுகு என்றுதான் எழுதுவார்.)

5

கதவு திறந்தது. அவள் எழுந்து ஒரு படத்தை நீட்டினாள். எதை?

அவளைத் தோற்கடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சிரிப்பைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வரவும் மனம் வரவில்லை. நீங்களே சொல்லுங்கள், நான் பேனாவை மூடுகிறேன்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கட்டும். அலுத்துத் திரும்புகிறவர்களுக்குக் கதவு திறக்க உள்ளே எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும்.