அங்கமுத்து எதிர் தமிழ்நாடு அரசு

காத்தாயியின் புருஷன் அங்கமுத்து ஐந்து மாதமாகப் பெரம்பலூர் கிளைச் சிறையில் இருந்தான். அவன் மேல் போட்டிருந்த வழக்கில் முழுத் தண்டனை கொடுத்தாலே மூன்று மாதம்தான். இந்தக் கணக்கு காத்தாயிக்குப் புரிந்தது. சர்க்காருக்குத்தான் புரியவில்லை.

வாலிகண்டபுரத்தில் பெரியசாமியின் வயலுக்குள் இறங்கி, வரப்பை வெட்டி, தன் குத்தகைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சினான் என்பது வழக்கு. ஜாமீன் உண்டு. ஆனால் நிலம் உள்ளவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் நிலம் உள்ளவர்கள் அத்தனை பேரும் பெரியசாமிக்கு மாமன் மச்சான். அவர்கள் எங்கே போடுவார்கள்?

இந்த நிலையில்தான் அவள் முற்போக்கு வழக்கறிஞர் பேரவையிடம் போய் மாட்டிக்கொண்டாள்.

நெருக்கடி நிலை முடிந்த சூட்டோடு ஆரம்பித்த பேரவை அது. சைக்கிள் கடை மாடியில் ஆபீஸ். மொத்தம் ஏழு வக்கீல்கள். நாலு பேர் பெரம்பலூர், மூன்று பேர் அரியலூர். அரசியல் சட்டம் என்று ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் ஏழு பேருக்கும் சோறு தண்ணீர் வேண்டாம். அது உயிருள்ள சட்டம், ஏழைக்காக விரித்துப் படிக்க வேண்டும் என்பது பெரம்பலூர் கோஷ்டி. அது பணக்காரன் எழுதிய சட்டம், ஆனாலும் அவன் எழுத்தை வைத்தே அவனை மடக்க வேண்டும் என்பது அரியலூர் கோஷ்டி. ரெண்டும் ஒன்றுதானே சார் என்று கேட்ட டீக்கடைக்காரரை இரண்டு கோஷ்டியும் ஒற்றுமையாகத் திட்டின. அந்த ஒற்றுமையைப் பேரவை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

தலைவர் பாலசுந்தரம் நல்ல மனுஷர். பீஸ் வாங்க மாட்டார். காத்தாயி கீழே உட்காரப் போனால் விடாமல் நாற்காலியில் உட்கார வைப்பார். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்திருந்தால் அவள் எப்போதோ வேறு வக்கீலைப் பார்த்திருப்பாள்.

"சார், சொந்த ஜாமீன்ல வுடச் சொல்லி ஒரு மனு போட்டா என்னாங்க?" என்று அவள் வாராவாரம் கேட்டாள்.

"அது கெஞ்சறதும்மா. நாம கெஞ்சக் கூடாது. இருபத்தொண்ணாவது பிரிவு இருக்கு. உயிரும் சுதந்திரமும் ஒங்க வூட்டுக்காரருக்கும் உண்டு. தண்டனைய விட அதிக நாள் உள்ள வெச்சிருக்காங்களே, இது மாதிரி ஒரு கேசு கெடைக்கவே கெடைக்காது. அவரு இப்ப வெறும் அங்கமுத்து இல்ல, ஒரு கொள்கைப் பிரச்சினை."

கொள்கைப் பிரச்சினை உள்ளே கொசுக்கடியில் கிடந்தது. ஹைகோர்ட்டில் போட வேண்டிய மனு வெளியே வளர்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் சமம் என்கிற பதினாலாவது பிரிவையும் சேர்ப்பதா வேண்டாமா என்று மூன்று கூட்டம் நடந்தது. நாலாவது கூட்டத்துக்கு அரியலூர் பஸ் வரவில்லை.

ஐந்தாவது கூட்டத்தில்தான், இளம் வக்கீல் தங்கசாமி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். காத்தாயி அங்கேயே நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு என்ன புரியப் போகிறது என்று யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

"சார், இந்த ஆளு திடீர்னு கோர்ட்டுல 'ஆமா, செஞ்சேன்'னுட்டா? மூணு மாசத்துக்கு மேல போட முடியாது. உள்ள இருந்த நாளக் கழிச்சா அன்னிக்கே வெளிய வந்துடுவாரு. ஆளு வெளிய வந்துட்டா நம்ம மனுவுக்கு உசுரு ஏது?"

"அவரு நெரபராதி. ஏன் ஒத்துக்கப் போறாரு?" என்றார் பாலசுந்தரம்.

காத்தாயி எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, நேராகச் சிறைக்குப் போனாள்.

"ஒத்துக்க மாமா," என்றாள் கம்பிக்கு வெளியே நின்று. விஷயத்தைச் சொன்னாள்.

அங்கமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். "பெரியசாமி முன்னால நான் தல குனியணுமா?"

"இந்த வாசலே சின்னதுதான். குனியாம எப்படி வெளிய வருவ?"

சொல்லிவிட்டாளே ஒழிய, பஸ்ஸில் போகும்போது அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு குற்றமும் செய்யாதவனைச் செய்தேன் என்று சொல்ல வைக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த வாய்தாவில் மேஜிஸ்ட்ரேட் வழக்கம்போல் தலை நிமிராமல், ஆனால் முதல் தடவையாகக் கேட்டார். "வெட்டினியா?"

"ஆமாங்க. வெட்டுனேன்."

அவர் நிமிர்ந்தார். யாராவது மிரட்டிச் சொல்லச் சொன்னார்களா என்று விசாரித்தார். இல்லீங்க என்றான். இரண்டு மாதம் தண்டனை, அதற்கு மேலேயே இருந்தாயிற்று, ஆளை விடுங்கள் என்று எழுதினார். ஐந்து மாத விவகாரம், வெற்றிலை போட்டு மென்று துப்பும் நேரத்தில் முடிந்தது.

சாயங்காலம் சிறை வாசலில் பாலசுந்தரம் மூச்சிரைக்க வந்து நின்றார். கையில் நாற்பத்திரண்டு பக்க மனு.

"இன்னும் பத்து நாள் பொறுத்திருக்கக் கூடாதாம்மா? அங்கமுத்து எதிர் தமிழ்நாடு அரசுன்னு சட்டப் புத்தகத்துல வந்திருக்கும். தமிழ்நாடு பூரா இவரு மாதிரி எத்தினி பேரு உள்ள கெடக்கறாங்க! ஒருத்தரு நின்னிருந்தா அத்தன பேருக்கும் கதவு தொறந்திருக்கும்."

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் சொல்வது நியாயம் என்று காத்தாயிக்கே பட்டது. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"ஒருத்தரு நிக்கணும்னா நீங்க நில்லுங்க சார். ஒரு வரப்ப வெட்டிட்டு உள்ள போயி ஒக்காருங்க. வாராவாரம் நான் வந்து பாக்கறேன்."

தங்கசாமி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். பாலசுந்தரம் மனுவைப் பார்த்தார், சிறையைப் பார்த்தார், மனுவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். பாவமாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அங்கமுத்துவை உட்கார வைத்தாள். பெரம்பலூர் தாண்டியதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒன்னப் பொய் சொல்ல வெச்சிட்டேன் மாமா."

"என்னா பொய்யி?"

"வெட்டுனேன்னு சொன்னியே."

"வெட்டுனேனே."

காத்தாயி அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். "அஞ்சு மாசமா ஏன் சொல்லல?"

"எவன் கேட்டான்? போலீஸ்காரன் அடிச்சான், கேக்கல. வக்கீலுங்க ஏழு பேரும் வந்து கையக் குடுத்து நீங்க நெரபராதின்னாங்க. அம்மாம் படிச்சவங்க சொல்றப்ப இல்லன்னா மரியாதயா இருக்குமா? நீயும் கேக்கல. மேஜிஸ்ட்ரேட்டு கேட்டாரு, சொன்னேன்."

அவன் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

"அடிச்சது போதும் புள்ள. கருது காஞ்சு நின்னுது, பாக்க முடியல. கொல்ல முழுக்கப் பாய்ச்சலாம்னுதான் நெனச்சேன். நாலு பாத்தி பாயறதுக்குள்ள பெரியசாமி ஆளு வந்துட்டான்."

இந்த வருஷம் கொல்லை முழுக்கக் கருகிப்போயிருந்தது. மேற்கு ஓரத்தில் மட்டும் கேழ்வரகு பிழைத்து நின்றதை, சாமி கண் திறந்தது என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாலு பாத்திதான் மாமா வெளஞ்சுது," என்றாள். "அதத் தின்னுதான் இருக்கேன்."