எமகண்டத்தில் இறங்கியவள்

இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு நானாகப் பிறகு சேர்த்துக்கொண்டது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டா, அடுத்த வருடமா என்பதும் நிச்சயமில்லை. கிழமை மட்டும் மறக்கவில்லை. சனிக்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அதனால்தான் விடிந்ததும் ஏறியிருக்க வேண்டிய மலையை உச்சி வெயிலில் ஏறினோம்.

திருமுருகன் திண்டிவனத்துக்காரன், மஸ்கட்டில் வேலை. என் தங்கை ஆர்த்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தான். ஆர்த்தி விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாமா என்று அவனையே நேரில் கேட்க வேண்டும், அவன் வாயால் பதில் வந்த பிறகுதான் சம்மதம் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். விஷயம் அவன் காதுக்குப் போனது. பேசலாமே, மலை ஏறிக்கொண்டே பேசலாம் என்றான். துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

எங்கள் ஊர் காணைக்குக் காரில் அவன் வந்து சேரும்போதே எட்டே முக்கால். அரைக்கால் சட்டை, பிடரியை மூடும் தொப்பி, இரண்டு கைத்தடிகள், குழாய் வழியாகத் தண்ணீர் உறிஞ்சும் பை. பத்தரை ஆகும்வரை வண்டியைக் கிளப்பாமல், ஓமன் பாலைவனத்தில் பாறை ஏறிய படங்களைக் கைபேசியில் காட்டிக்கொண்டிருந்தான். எல்லாப் படத்திலும் அவன்தான் இருந்தான். பாலைவனம் அவனுக்குப் பின்னால் கொஞ்சம் தெரிந்தது.

"நாங்க ஏறாத பாறையா மச்சான்? இந்த ஊரு மலையெல்லாம் ஜுஜூபி."

"அப்ப இன்னாத்துக்குங்க இவ்ளோ நேரம் வண்டியிலயே குந்திகினு இருந்தோம்?" என்றாள் ஆர்த்தி.

"ராகு காலம்மா. அம்மா ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாங்க."

மேல்சித்தாமூர் தாண்டி ஒரு மொட்டைக் குன்று. யாரோ வண்டி வண்டியாகக் கொட்டிவிட்டுப் போனது போலப் பாறைகள். ஆர்த்தி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கையும் காலும் ஊன்றி மேலே போய்விட்டாள். இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில் திருமுருகன் பையோடு சிக்கிக்கொண்டான். கைத்தடிகள் கீழே உருண்டன.

"பையக் கழட்டுங்க," என்றேன்.

"அது ஹைட்ரேஷன் பேக் மச்சான், கழட்டக் கூடாது."

கீழிருந்து நான் தோள் கொடுத்துத் தள்ளினேன். பாலைவனத்தையே வென்றவன், மாவு மூட்டை போல மேலே போய் விழுந்தான்.

உச்சியில் கரும்பும் நெல்லும் வற்றிய ஏரியும் தெரிந்தன. தூரத்தில் செஞ்சிக் கோட்டை வெயிலில் நீலமாக இருந்தது. அவன் எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டான். பிறகு மூவரும் ஒரு பாறையின் ஒட்டு நிழலில் உட்கார்ந்தோம்.

ஆர்த்திதான் கேட்டாள். "கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போலாமாங்க? உங்க பதில் வேணும். உங்களோடது."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தான். "நல்ல கேள்வி. ஒரு நிமிஷம் இரு." கைபேசியை எடுத்துத் திண்டிவனத்துக்குப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தினான்.

"எம்மா, ஆர்த்தி வேலைக்குப் போவணுங்குது. இன்னா சொல்றது?"

அவன் அம்மா கெங்கம்மாளின் குரல் பாறையில் மோதித் திரும்பியது. "அத்த அப்புறம் பாத்துக்கலாம். மணி இன்னா ஆவுது பாத்தியா? ஒன்றரைக்கு எமகண்டம்டா. மூணு மணி வரைக்கும் எறங்காத. அங்கியே குந்திகினு இரு!"

"சரிம்மா," என்றான்.

ஆர்த்தி எழுந்து பின்பக்கத்துத் தூசியைத் தட்டினாள்.

"எங்க போற? எமகண்டம் ஆரம்பிச்சிடுச்சு!"

"உங்களுக்குங்க. எனக்கு பஸ்ஸு டைம்."

"மச்சான், நீங்களாவது சொல்லுங்க. எதுனா ஆயிட்டா பேஜாரு."

என்னிடமிருந்த தண்ணீர்ப் புட்டியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் பின்னால் இறங்கினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். ஆள் அங்கேயே இருந்தான். நிழல் நகர நகர, அதோடு குந்தியபடியே நகர்ந்துகொண்டிருந்தான்.

அந்தச் சம்பந்தம் அன்றோடு முறிந்தது. திருமுருகன் மறு வருடம் மயிலம் பக்கம் பெண் எடுத்தான். அவன் மஸ்கட்டில் இருக்கிறான், மனைவி திண்டிவனத்தில் மாமியாரோடு இருக்கிறாள். கெங்கம்மாள் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார். எங்கள் அப்பா கரும்பு வெட்டு முடியும்வரை ஆர்த்தியோடு பேசவில்லை, பிறகு பேசினார். ஆர்த்தி உடன் வேலை பார்த்த வெற்றிச்செல்வனைக் கட்டிக்கொண்டு புதுச்சேரியில் இருக்கிறாள். ஒரு பெண் குழந்தை. இப்போதும் வேலைக்குப் போகிறாள். நான் காணையிலேயே இருக்கிறேன்.