தர்க்கம் உள்ள நாடகம்

பெரம்பலூர் வெங்காய மண்டியில் ஏலம் ஓடிக்கொண்டிருந்தபோது அறிவழகனின் சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தால், சொந்த ஊர்க்காரர்கள் அவனை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார்கள். ‘அம்மன் திருவிழா நாடகக் குழு’ என்று பெயர். போன வருஷம் ஆடலும் பாடலும் வைத்து, அது அடிதடியில் முடிந்து, போலீஸ் ஜீப் வந்து நின்றது. அதனால் இந்த வருஷம் பழைய இசை நாடகம் ஒன்றை ஊராரே நடித்துப் போடுவது என்று முடிவாகியிருந்தது. எந்த நாடகம் என்பதில்தான் அடிதடி பாக்கி.

குழுவில் இருப்பவர்களை ஒவ்வொருவராகத் தள்ளிப் பார்த்தான். கிரீடமும் ஒட்டு மீசையுமாக ராஜா வேஷத்தில் ஒரு படம் இருந்தது. அவனுடைய அண்ணன் தமிழழகன்.

அதன்பிறகு அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏலத்தில் விலை தப்பாகக் கேட்டான். டீயை வாங்கி அங்கேயே வைத்துவிட்டு நடந்தான்.

ஊரில் அந்தக் காலத்தில் நாடகம் நடந்தபோது அண்ணன் ராஜபார்ட், தம்பி ஸ்திரீபார்ட். அண்ணன் ராஜாவானால் இவன் சேலை கட்டி ராணியாவான். இரண்டு மூஞ்சிக்கும் ஒரே அரிதாரம்தான், ஒரே கண்ணாடிதான். ஆனால் கிரீடம் வைத்தவனுக்குக் கிடைக்கிற கௌரவம் சேலை கட்டியவனுக்குக் கிடைக்குமா? அண்ணன் மகள் ஆர்த்தியைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா காபியைக் குடித்துக்கொண்டே, “சேலை கட்டி ஆடுறாரே, அவரு உங்க தம்பியாமே?” என்று கேட்டார். அண்ணன் கண் இமைக்காமல், “எனக்குத் தம்பின்னு யாரும் கிடையாதுங்க” என்றார். பலகாரத் தட்டோடு அறிவழகன் கதவுக்குப் பின்னால் நின்றான். தட்டை அப்படியே தரையில் வைத்தான், பெரம்பலூருக்குப் பஸ் ஏறினான், ஊர்ப்பக்கம் திரும்பவேயில்லை. ஆர்த்தியின் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா என்று யார் பெயரும் இல்லை.

பஸ் கண்டக்டர் தம்பி என்கிறார். மண்டியில் மூட்டை தூக்குகிறவர் தம்பி என்கிறார். ஊர் உலகமே அவனைத் தம்பி என்று கூப்பிட்டது, கூடப் பிறந்தவரைத் தவிர. அந்த ஒரு வாயிலிருந்து அது வந்தாக வேண்டும் என்று அவனுக்கு வெறியே இருந்தது.

குழுவில் சண்டை களைகட்டியது. குழுத் தலைவர் அமிர்தலிங்கம் ‘மணிமுடிச் சூழ்ச்சி’தான் வேண்டும் என்றார். அதில் யானை மேடையேறும், ராட்சசன் தலை புகையோடு பறக்கும். பபூன் வேஷக்காரர் மாயவன், காமெடி அதிகம் என்று ‘குறத்தி மகன்’ கேட்டார். அண்ணன் மணிமுடிச் சூழ்ச்சிக்கு மட்டும் கட்டைவிரல் படம் ஒன்று போட்டார். அதில் ராஜா அரண்மனையில் இருப்பார், ராணி காட்டில் இருப்பாள். கடைசிவரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆள் எமகாதகர்தான்.

அறிவழகன் குரல் பதிவு அனுப்பினான். “ராட்சசன் தலை பறக்குறதெல்லாம் சினிமாவுலயே பாத்துட்டாங்க. அதுக்கு எதுக்குங்க நாடகம்? ‘பூமாலை ராணி’யப் போடுங்க. அதுல தர்க்கம் இருக்கு. ராணி கேள்வி கேப்பா, ராஜா பதில் சொல்லணும். எழுதி வச்ச வசனம் கெடையாது. ஒவ்வொரு மேடையிலயும் கேள்வி புதுசு. அதைத்தான் மறுபடி போடணும். அந்த நாடகம்னா நான் வரேன். இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கங்க.”

வேறு ஆளுக்கு எங்கே போவது? ராணியின் பாட்டை எட்டிப் பிடிக்கிற குரல் ஊரில் வேறு யாருக்கும் இல்லை. ரெண்டு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு அமிர்தலிங்கம் இறங்கி வந்தார். “சரி தம்பி, பூமாலை ராணியே போட்டுருவோம். ஆனா பத்து மணிக்கு மேல போலீஸ் பர்மிஷன் இல்ல. தர்க்கத்தச் சுருக்கமா முடிச்சுக்கணும்.”

அவன் மனைவி மணிமொழி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“நாடகத்துக்குப் போறீங்களா, பஞ்சாயத்துக்குப் போறீங்களா?”

“நாடகத்துக்குத்தான்.”

“நாடகத்துக்குப் போறவரு ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுப்பாரா?”

ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்டிமடம் போய், அங்கிருந்து முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஊருக்குப் போனான். பாட்டுக்கு மட்டும்தான் ஒத்திகை. தர்க்கத்தை முன்கூட்டிப் பேசிவைப்பது அந்த மேடையில் வழக்கமில்லை, பேசிவைத்தால் அது தர்க்கமே இல்லை. அண்ணன் ஆர்மோனியத்தைப் பார்த்துக்கொண்டு காதல் பாட்டுப் பாடினார். தண்ணீர் வேண்டுமானால் மாயவனிடம் சொல்லி, மாயவன் இவனிடம் சொல்லி, சொம்பு அதே வழியாகத் திரும்பிப் போயிற்று. மாயவனுக்கே அலுத்துவிட்டது. “நான் பபூனா, தபால்காரனா?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

திருவிழா அன்று பொழுது சாய்ந்ததுமே ஆட்டம் தொடங்கிவிட்டது. சேலையும் சவுரியுமாக அறிவழகன் திரை ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தான். முன்வரிசை நாற்காலியில் ஆர்த்தி, அவள் புருஷன், பக்கத்தில் அவள் மாமனார். அன்றைக்குக் காபி குடித்துக்கொண்டே கேட்டாரே, அவரேதான்.

மனசில் வைத்திருந்த கேள்வியை மேடையில் கேட்டால் அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்கு ஏதும் வந்துவிடுமோ? கேட்காமல் போனால் இந்த நெஞ்சு ஆறுமா? போய்விடலாமா என்றுகூட நினைத்தான். அதற்குள் ஆர்மோனியம் அவனுடைய பாட்டை எடுத்துவிட்டது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவனுக்கே மாலையிடுவேன் என்று ராணி சபதம் போட்டிருப்பாள். ராஜா ஜெயிப்பார், ராணி மாலையிட்டுக் காலில் விழுவாள். எப்படி ஜெயிப்பது என்பது மட்டும் அவரவர் சாமர்த்தியம்.

“வேரில்லாமல் வளர்வது எது, ராஜனே?”

“வதந்தி, பெண்ணே!”

“கொடுக்கக் கொடுக்கக் குறையாதது?”

“கற்ற கல்வி!”

கைதட்டல் அடங்கியது. அறிவழகன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டான். மேடையேறியதிலிருந்து அப்போதுதான் அண்ணனின் கண்ணை நேராகப் பார்த்தான்.

“கேளும் ராஜனே. ஒரு கொடியிலே இரண்டு காய். வாங்க வந்தவர் மூத்த காயைக் கேட்டார், பக்கத்தில் இருப்பது உன் கொடிக் காய்தானா என்று. இல்லவே இல்லை என்றது மூத்த காய். சொல்லும், அன்று அறுந்தது காயா, கொடியா?”

ராஜாவின் கண் முன்வரிசைக்குப் போய்த் திரும்பியது. ஆர்மோனியக்காரர் ஒரு மெட்டைப் போட்டு நிரப்பினார், தீர்ந்ததும் அதையே மறுபடி போட்டார். மாயவன் சொம்போடு ஓடிவந்து, “மகாராஜாவுக்குத் தொண்டையில காய் சிக்கிருச்சு!” என்று சமாளித்தார். கூட்டம் சிரித்தது. மேடைக்குக் கீழே அமிர்தலிங்கம் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். ராஜா சொம்பைத் தள்ளினார்.

“அறுந்தது கொடியுமல்ல, காயுமல்ல, பெண்ணே...” என்று கம்பீரமாகத்தான் ஆரம்பித்தார். பாதியிலேயே மேடைத் தமிழ் போய் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. “அப்புடிச் சொன்ன என் நாக்குதான் அழுவிப் போவணும்டா, தம்பி.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ராணியைப் போய்த் தம்பி என்ற ராஜாவை எந்த ஊரில் பார்த்திருக்கிறார்கள்? மாயவன் விடுவாரா? “மகாராஜா, கட்டிக்கப் போறவளத் தம்பின்னா, நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” என்று தன் பங்குக்கு ஏற்றிவிட்டார். சிரிப்பு தோப்புவரை போயிற்று.

அறிவழகனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ‘தோற்றேன் சுவாமி’ என்று அவன் சொல்ல வேண்டிய இடம் அது. மாலையைப் போட்டான், காலில் விழுந்தான், வசனத்தை மறந்தான். ரவிக்கைக் கழுத்தில் குத்தியிருந்த மைக்கில் அவனுடைய சொந்தக் குரல்தான் வந்தது.

“வந்துட்டேண்ணே.”

சிரிப்பு நின்றது. ஊர்க்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அண்ணன் அவனைத் தூக்கி நிறுத்தியபோது கிரீடம் கழன்று உருண்டது, யாரும் எடுக்கவில்லை. அண்ணனின் உள்ளங்கை அரிதாரம் அவன் ரவிக்கைத் தோளில் பதிந்திருந்தது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஆர்த்தி எழுந்து நின்று, மாமனார் பக்கத்தில் இருக்கும்போதே, “சித்தப்பா!” என்று கூப்பிட்டாள்.