உட்கார்ந்துவிட்டுப் போன கதாநாயகன்

"நீ மீனவன் மாதிரியே இல்லையேப்பா."

"சார், எங்க நைனா திருவொத்தியூர் குப்பத்துல போட் வச்சிகினு கீறாரு சார்."

"இருக்கட்டும். மேடைக்கு அது பத்தாது. இன்னும் கொஞ்சம் மீனவனா இரு."

ராயபுரத்தில் ஒரு கல்லூரி. முதல் ஒத்திகையன்று தமிழாசிரியர் ராமசுப்புவுக்கும் உதயாவுக்கும் நடந்த பேச்சு இது. சாருக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். ஆண்டுவிழாவுக்கு அவர் எழுதிய இசை நாடகத்தில் உதயாதான் கதாநாயகன். துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று சார் செய்து காட்டினார். வீட்டுப் படகில் ஓடுவது டீசல் இன்ஜின் என்று உதயா சொல்லவில்லை. சொன்னால் வேடம் போய்விடும். வேடம் போனால் மாயாவும் போய்விடுவாள்.

மாயா கதாநாயகி. வியாசர்பாடி எம்.கே.பி. நகரிலிருந்து வருபவள். வேறு பிரிவு, வேறு கட்டடம். நாடகத்தை விட்டால் அவள் பக்கத்தில் நிற்க அவனுக்கு வேறு வழியில்லை. அவளிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இரண்டு வருடமாக அவன் வயிற்றுக்குள் கிடந்தது. "கடல்மகளே, கரம் தருவாயா" என்று ஒத்திகைதோறும் அவன் அதைத்தான் கேட்டான், கீபோர்டு வாசிப்போடு, பின்னால் ஆறு பேர் ஆட. மேடையை விட்டு இறங்கினால் "டீ சாப்டியா" என்பதற்கு மேல் வாய் எழவில்லை. ஒருநாள் துணிந்து, "மாயா, உன்னான்ட ஒன்னு கேக்கணும்" என்றான்.

"இன்னா, சுருதி ஏறிப்போச்சா? கம்மி பண்ணச் சொல்றேன் இரு," என்றாள்.

கம்மி பண்ணிவிட்டார்கள்.

இப்போது, ஆண்டுவிழா முடிந்த மறுநாள் மத்தியானம், இருவரும் ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் போய்க்கொண்டிருந்தார்கள். உதயா மடியில் வலை. நாடகத்துக்காக நைனாவிடம் வாங்கி வந்தது. திருப்பித் தர வேண்டும். எம்.கே.பி. நகருக்குப் போக வேண்டியவள் இந்த வண்டியில் ஏறியதற்கு வலைதான் காரணம் என்று உதயா நம்பினான். நாளை முதல் தேர்வு விடுமுறை. தேர்வு முடிந்ததும் அவள் ஓசூரில் வேலைக்குச் சேர்கிறாள். இன்றைக்குக் கேட்காவிட்டால், பிறகு ஓசூர் பஸ்ஸின் பின்னால் ஓடிக்கொண்டேதான் கேட்க வேண்டும்.

கேட்காமல், நேற்றைய நாடகத்தையே நினைத்துக்கொண்டு வந்தான். நினைக்க நிறைய இருந்தது.

புயல் காட்சி. பி.காம். மாணவர்கள் நால்வர் நீலத் துணியைப் பிடித்து அலையாக ஆட்ட, கதாநாயகன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குக் கிளம்புகிறான். ஒத்திகையில் மாயா எதிரே வந்துதான் பாடுவாள். நேற்று மைக் ஒயர் எட்டவில்லை. அவள் நின்ற இடத்திலிருந்தே, அவன் முதுகைப் பார்த்து, "எங்கே போகிறாய், தலைவா" என்று பாடினாள்.

கடலுக்குக் கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். உதயாவின் வீட்டில் இது பல் தேய்ப்பது மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

உதயாவும் யோசிக்கவில்லை. திரும்பி வந்தான். வலையை இறக்கினான். தெர்மோகோல் பாறைமேல் உட்கார்ந்து, "தண்ணி குடு," என்றான்.

முன்வரிசை சிரித்தது. கீபோர்டு ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. அலைகள் கை வலிக்க ஆடிக்கொண்டிருந்தன. பின்வரிசையில், நாடகம் பார்க்க வந்திருந்த குப்பத்து ஜனங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. "குந்திட்டே போ நைனா, அவசரமில்ல," என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

மாயா ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று திரைக்குப் பின்னால் போய், கையில் அகப்பட்ட பிளாஸ்க்கோடு வந்தாள். அது ராமசுப்பு சாருடையது. உள்ளே சீரகம் போட்ட வெந்நீர். கொடுத்ததை உதயா குடித்தான். மீதிப் பாட்டை வெந்த நாக்கோடு பாடிவிட்டு, கதைப்படி கடலில் செத்துப்போனான்.

நடுவராக வந்தவர் அந்த இடத்தை மிகவும் பாராட்டினார். மண்ணின் மணம் என்றார். ராமசுப்பு சார் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் உதயாவின் அப்பா திருமலைக்கு ஒரு குறை இருந்தது. நேராக சாரிடமே போனார்.

"அதான் குந்தி, தண்ணி குட்ச்சிட்டுத்தானே சார் போனான். அப்பால எப்டி சார் செத்தான்?"

 அடுத்த வருடம் சாக மாட்டான் என்று சார் உறுதி கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் திருமலை, "தண்ணி குட்த்துச்சே, அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார். "மாயா. வியாசர்பாடி," என்றான் உதயா. அம்மா புஷ்பவல்லி அவனையே பார்த்தாள். திருமலை அதற்கு மேல் கேட்கவில்லை. எந்தத் தெரு, யார் வீடு, என்ன ஆளுங்க என்று கேட்காமல் அவர் இதுவரை யாரையும் விட்டதில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்க, ஆட்டோவும் நின்றது. எதிர் சீட்டு அம்மா முந்தானையால் மூக்கை மூடினாள்.

"இன்னா நைனா, கவுச்சி தாங்கல. வலய மடியில வச்சினு கொஞ்சுற?"

"ஊட்டாண்ட எறக்கிடுவேன்க்கா."

"ஊடு வர்றதுக்குள்ள நான் கருவாடாயிடுவேன் போல கீதே."

மாயா சிரித்தாள். பிறகு சாலையைப் பார்த்தபடியே, "உதயா, நான் எதுக்கு இந்த வண்டில வர்றேன்?" என்றாள்.

"வலை கனமா கீதே, ஒத்தாசைக்குன்னு..."

"வலய நீதான் தூக்கினு வர. நான் இதுல கையே வெக்கல."

உதயா வலையைப் பார்த்தான். உண்மைதான்.

"பரீட்சைக்குப் படிச்சோமா, வேலைக்குப் போனோமான்னு இல்லாம, பாடவே தெரியாத நான் எதுக்குப்பா மூணு மாசமா தொண்ட கட்டிக்கினு கீறேன்?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எங்கம்மா டெய்லி கேக்குது. இன்னா சொல்றதுன்னு தெரியல."

நிற்கிற வண்டிக்கு எதற்கு டீசல் என்று டிரைவர் இன்ஜினை அணைத்தார். திடீரென்று அமைதி. எதிர் சீட்டு அம்மா மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, காதைத் திருப்பிக்கொண்டாள்.  கீபோர்டு இல்லை, பின்னால் ஆட ஆறு பேர் இல்லை, யாரும் எழுதிக்கொடுத்த வரியும் இல்லை.

"மாயா, படிப்பு முடியட்டும், ஒரு வேலைல நிக்கிறேன். அப்பால எங்க நைனாவையும் அம்மாவையும் இட்டுகினு உங்க ஊட்டுக்கு வர்றேன். என்னக் கட்டிக்கிறியா?"