கொள்ளிடத்தில் கிளம்பிய புகை

மனித குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: பாபநாசம் செருப்புக் கடை யூனுஸ், வனாந்தரத்தில் உயிர் பிழைக்கும் கலையில் தேர்ச்சி பெற்றுவிட்டார். வீடியோ பார்த்தே பெற்ற தேர்ச்சி. கடையை மூடிவிட்டுப் பயிற்சி முகாம் நடத்தப் போவதாக அவர் சொன்னதும் மனைவி நஃபீசா ஒரு நிபந்தனை போட்டாள்.

"கொள்ளிடத் திட்டுல தனியா இருந்து காட்டுங்க. பொழுது சாயறவரைக்கும் யார் வீட்டுச் சோத்தையும் தொடக் கூடாது. அப்புறம் கடையை மூடுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

முதலில் நிழல், அடுத்து தண்ணீர், பிறகு நெருப்பு, கடைசியில்தான் உணவு என்பது சாத்திரம். யூனுஸ் நாணலை வளைத்துக் குடிசை போட்டார். மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்தார். நெருப்பு மூட்டியதுதான் வினையாயிற்று. பாய் ஒருவர் ஆற்றுத் திட்டில் புகை போட்டால் அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம், விருந்து. கொஞ்ச நேரத்தில் தூக்குச்சட்டிகளோடு பாதி ஊர் ஆற்றில் இறங்கிவிட்டது.

"கந்தூரின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா பாய்? பிரியாணிக்கு தம் போட்டாச்சா?" என்றார் முன்னால் வந்த செல்லத்துரை.

"பிரியாணியெல்லாம் இல்லைங்க. நான் இங்க உயிர் பிழைச்சிக்கிட்டிருக்கேன்."

"அடப் பாவமே, சாப்பிடலையா? வாங்க வீட்டுக்கு, விரால் குழம்பு."

யூனுஸ் அண்ணாந்து பார்த்தார். சூரியன் உச்சியில் நின்றது.

விரால் குழம்புக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் செருப்புக் கடை திறந்திருந்தது.